நாற்பத்தொன்பதாவது மணி நேரம்: வாசகர் கேள்வி பதில்

“வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்பதைச் சட்டம் போட்டு 40 ஆக்கலாமா?” என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். “தாராளமாக” என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது தப்பு என்று பத்து நாளாக வரும் கடிதங்கள் சொல்கின்றன. பாராட்டியவர்கள் கொஞ்சம், திட்டியவர்கள் அதிகம். அதனால் இந்த இதழ் முழுக்க இதுதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 40 மணி நேரம் என்று சட்டம் வந்துவிட்டால் 41ஆவது மணி நேரம் உழைப்பது குற்றமா? நான் முன்னேற நினைக்கிறேன், அரசாங்கம் எதற்கு நடுவில் வந்து கையைப் பிடிக்கிறது? (கல்லூரி மாணவர், தேனி)

கையைப் பிடிக்காது தம்பி. நிறையப் பேருக்கு இந்த இடத்தில்தான் குழப்பம். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்தது. அதற்கு மேல் வேலை வாங்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. ஓர் அளவு வரை வாங்கிக்கொள், ஆனால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் கொடு என்றது. ராத்திரி 11 மணிக்கு மேல் ஆட்டோவுக்கு ஒன்றரை மடங்கு என்கிறார்கள் இல்லையா, அதனால் ராத்திரியில் ஆட்டோ ஓடாமலா போகிறது? அவசரம் இருப்பவர் கொடுத்துவிட்டு ஏறுகிறார், இல்லாதவர் விடியட்டும் என்று இருந்துவிடுகிறார். 48 என்பது அந்த 11 மணி மாதிரி, ரேட் மாறும் இடம்.

பிரான்ஸில் 35 மணி நேரம் என்று கேள்விப்பட்டு, அங்கே எல்லோரும் மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. 1998இலும் 2000இலும் வந்த சட்டங்கள் 39ஐ 35 ஆக்கின, உண்மை. ஆனால் 36ஆவது மணி நேரமும் அங்கே வேலை நடக்கிறது, அதற்குப் பொதுவாக 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் கேள்வியை இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் நேரத்துக்கு ரேட் ஏற வேண்டியது 49ஆவது மணி நேரத்திலா, 41ஆவது மணி நேரத்திலா?

கேள்வி: நான் திருப்பூரில் டெய்லர். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்கு எழுந்திருப்போம். நேரத்தைக் குறைத்தால் சனிக்கிழமை கையில் வாங்குவதுதான் குறையும். ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இது தெரியுமா சார்?

ஏசி இல்லை, ஃபேன்தான். ஆனால் கேள்வி நூற்றுக்கு நூறு சரி. நேரத்தை மட்டும் குறைத்து, வாரச் சம்பளத்தைப் பற்றி ஒன்றும் பேசாத சட்டம் வந்தால், அது சம்பளத்தை வெட்டும் சட்டம். 48 மணி நேரத்துக்கு வாங்கியதையே 40 மணி நேரத்துக்கும் வாங்க வேண்டும் என்றால் மணிக்கூலி 20 சதவீதம் ஏற வேண்டும். பீஸ் ரேட் என்றால் 10 ரூபாய் பீஸ் 12 ரூபாய் ஆக வேண்டும். இதைச் சட்டத்திலேயே எழுதாமல் “முதலாளிகள் பார்த்துச் செய்வார்கள்” என்று விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிலி நாட்டில் 2023இல் சட்டம் போட்டபோது சம்பளம் குறையக் கூடாது என்பதையும் சேர்த்தே போட்டார்கள். ஒரே நாளில் குறைக்கவும் இல்லை: 45இலிருந்து 2024இல் 44, 2026இல் 42, 2028இல் 40. படிக்கட்டு மாதிரி. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ‘ஒன்றரை ஷிப்ட்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், மேலே நாலு மணி நேரம் அரை ஷிப்ட், மொத்தம் ஒன்றரை என்று ஷிப்ட் கூலிக்காரருக்குக் கணக்கு முடிக்கிறார்கள். ஆறு நாளும் எட்டு என்றாலே வாரத்தின் 48 முடிந்துவிடுகிறது. அதற்கு மேலான அந்த நாலு மணி நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி என்றால் அது எட்டு மணி நேரக் கூலி, முழு ஷிப்ட். ஆக, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் அதற்குக் கூலி இரண்டு ஷிப்ட். ஊர் முழுக்க அதை ஒன்றரை என்று சொல்லிச் சொல்லி, நாமும் அதையே நியாயமான பெயராக எடுத்துக்கொண்டோம். பீஸ் ரேட்டுக்கு ஓவர்டைம் கிடையாது என்பார்கள், அதுவும் சரியில்லை, பீஸ் ரேட்டில் சராசரியாக என்ன சம்பாதித்தீர்கள் என்று பார்த்து அதிலிருந்து மணிக்கூலி கணக்கிட 1948 சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். நீங்கள் கூடுதல் நேரம் உட்காருவது ஆசையால் இல்லை, எட்டு மணி நேரக் கூலியில் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்ட முடியாததால். அந்தக் கூலியைத் தொடாமல் நேரத்தை மட்டும் தொடுகிற எந்தச் சட்டத்தையும் நீங்கள் எதிர்த்தால், நானும் உங்கள் பக்கம்தான்.

கேள்வி: கோவையில் எட்டுப் பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறேன். பம்ப் கம்பெனிக்கு ஜாப் ஒர்க். பல வருடமாக ரேட்டை ஏற்றச் சொல்லிக் கேட்கிறேன், ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். இதில் 40 மணி நேரம் என்றால் ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

முதலில் ஒரு விஷயம், எட்டுப் பேர் என்றால் நீங்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டீர்கள். பழைய சட்டத்தில் மின்சாரம் வைத்து ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண் 20. ஆனால் உங்கள் பயத்தை அதை வைத்துத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பெரிய கம்பெனியில் நேரம் குறைந்தால் உங்களிடம் இருக்கும் நல்ல டர்னர் அங்கே போய்விடுவார்.

இதைச் சட்டமாகத்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமே உங்களைப் போன்றவர்கள்தான். நல்ல மனதோடு நீங்கள் ஒருவர் மட்டும் நேரத்தைக் குறைத்தால் பம்ப் கம்பெனி அடுத்த தெருப் பட்டறைக்குப் போகும். எல்லாப் பட்டறைக்கும் ஒரே விதி என்றால் அவர்கள் எங்கே போவார்கள், ரேட்டை ஏற்றித்தான் ஆக வேண்டும். அதே சமயம், சின்னப் பட்டறைகளுக்கு விலக்கு என்று நிரந்தரமாக எழுதி வைத்தால் பெரிய கம்பெனி தன் வேலையை எல்லாம் எட்டு எட்டுப் பேர் பட்டறைகளாகப் பிரித்து வெளியே தள்ளிவிடும். பிரான்ஸில் 20 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு 2000இலும், சின்னவற்றுக்கு 2002இலும் கொண்டுவந்தார்கள். தென் கொரியாவில் 52 மணி நேர உச்ச வரம்பை 2018இல் 300 பேருக்கு மேல் உள்ள இடங்களில் ஆரம்பித்து 2021இல் ஐந்து பேர் இருக்கும் கடை வரைக்கும் இறக்கினார்கள். விலக்கு கொடுக்கலாம், தேதி போட்டுக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஜூலை 30 அன்று எங்கள் ஊரில் தியாகிகளுக்கு மாலை போடுவார்கள். நீங்கள் எழுதும் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. இளைஞர்களுக்குத் தெரியவில்லை, எழுதுவீர்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி)

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன் ஐயா. 1936 ஜூனில் பிரான்ஸில் லியோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் என்று சட்டம் போட்டது. 40 மணி நேரச் சட்டத்தின் தேதி ஜூன் 21. அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 40 எல்லாம் கேட்கவில்லை, ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றும் சங்கம் வைக்கும் உரிமை என்றும்தான் கேட்டார்கள். வ. சுப்பையா அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் முக்கியமானவர். ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்துப்போனார்கள். பாரீஸில் சட்டம் வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மறு வருடம், 1937இல், புதுச்சேரிக்கு 8 மணி நேரச் சட்டம் வந்தது.

இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதே பாரபட்சம்தான். 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட முதல் ஒப்பந்தமே வேலை நேரத்தைப் பற்றியது: நாளுக்கு 8, வாரத்துக்கு 48. ஆனால் அதே ஒப்பந்தத்தில் தனியாக ஒரு பிரிவு வைத்து, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 என்று எழுதினார்கள்! நம் ஊர் உடம்புக்கு 12 மணி நேரம் கூடுதலாகத் தாங்கும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அதற்கு முந்தைய வருடம்தான் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்திருந்தார்கள், பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்பது அவர்களுடைய ஆரம்பகாலக் கோரிக்கைகளில் ஒன்று. 60 என்பது 1934 சட்டத்தில் 54 ஆனது. 1946இல் 48 ஆனது, அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்து அதற்கு வழி செய்தவர் அம்பேத்கர்.

அதற்கப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. 1948 சட்டத்திலும் 48, இப்போது வந்த புதுத் தொகுப்பிலும் 48. கைவண்டி போய் கன்டெய்னர் வந்தது, லெட்ஜர் போய் கம்ப்யூட்டர் வந்தது, பன்னிரண்டு வருடத்தில் 60இலிருந்து 48க்கு இறங்கத் தெரிந்த நாட்டுக்கு அதற்கப்புறம் எண்பது வருடமாக ஒரு மணி நேரம்கூடக் குறைக்க மனசு வரவில்லை.

கேள்வி: ஐடியில் இருக்கிறேன், ஓஎம்ஆர். நீங்கள் 40 என்கிறீர்கள், பெரிய மனிதர்கள் 70, 90 என்கிறார்கள். நாடு வளர்ந்தது அவர்கள் மாதிரி உழைத்தவர்களால்தானே?

இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் வாரத்துக்கு 70 என்றார், எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 என்றது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. கம்பெனியில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது, கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவர்களுக்குக் கூலி உண்டு. உங்களுக்கு? மாதச் சம்பளம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நீங்கள் உட்காரும் நேரம் மேனேஜருக்கு இலவசம், இலவசமாகக் கிடைப்பதை யாரும் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பதில்லை, அதனால்தான் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு போன் கால், பத்தரைக்கு இன்னொரு கால். அந்த நேரத்துக்கு ஒரு விலை வைத்துப் பாருங்கள், பாதி கால்கள் மின்னஞ்சலாக மாறிவிடும்.

உழைப்பு கூடினால் விளைச்சல் கூடும் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் குண்டு தயாரிக்கும் ஆலைகளில் பெண்கள் செய்த வேலைக்கு வாராவாரம் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதை ஜான் பென்கவெல் என்ற பொருளாதார ஆய்வாளர் 2014இல் திரும்ப எடுத்துப் பார்த்தார். 70 மணி நேரம் வேலை செய்த வாரத்தில் கிடைத்ததும் 56 மணி நேர வாரத்தில் கிடைத்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். போர்க்காலம், நாட்டுப்பற்று, மேற்பார்வை எல்லாம் இருந்தும் அந்தப் பதினாலு மணி நேரம் எங்கேயோ போய்விட்டது. உடம்புக் கணக்கு வேறு இருக்கிறது: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் சொன்னார்கள்.

கேள்வி: நாலு நாள் பன்னிரண்டு மணி நேரம், மூன்று நாள் லீவு. இது நன்றாகத்தானே இருக்கிறது? என் கணவர் இதைத்தான் சொல்கிறார். எனக்குத்தான் ஏனோ மனசு ஒப்பவில்லை. (எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஊழியர், ஓசூர்)

உங்கள் மனசு சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது அம்மா. நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு. ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை, அடுக்கி வைத்த விதம்தான் வேறு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் நிறைவேறிய திருத்தமும் இப்படித்தான் வந்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள், மே 1 அன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

கணவருக்கும் உங்களுக்கும் கணக்கு வேறாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவழிப்பது 289 நிமிடம், ஆண்கள் 88. அந்த 289 நிமிடத்தை மூன்று நாள் லீவுக்குத் தள்ளி வைக்க முடியுமா? திங்கட்கிழமைக்கு உண்டான சோற்றை வெள்ளிக்கிழமை வடிக்க முடியாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், கம்பெனி பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம் என்று வைத்தாலே பதினாலு போயிற்று, மேலே இந்த ஐந்து, தூங்க மீதி ஐந்து. அதனால்தான் வார எல்லையைவிட நாள் எல்லை முக்கியம் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு 40 வரட்டும், ஆனால் நாளுக்கு 8 என்பதை விற்று அதை வாங்கக் கூடாது. கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், 88ஐயும் காட்டுங்கள்.

கேள்வி: துணிக்கடையில் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை. 48ஐயே கண்ணால் பார்த்ததில்லை, 40 யாருக்கு அண்ணாச்சி? (திருநெல்வேலி)

எனக்கு வந்ததிலேயே பதில் சொல்லக் கஷ்டமான கடிதம் இது. கடை ஊழியர்களுக்கு 1947 முதல் தனிச் சட்டமே இருக்கிறது, நாளுக்கு 8, வாரத்துக்கு 48. அது காகிதத்தில். வேலை நேரத்தில் உட்காருவதற்கு ஒரு நாற்காலி கொடு என்பதற்கே 2021இல் தமிழ்நாடு தனியாகத் திருத்தம் போட வேண்டியிருந்தது. சீனாவில் 1995 முதல் 40 மணி நேரம்தான் சட்டம், ஆனாலும் காலை 9 முதல் ராத்திரி 9 வரை வாரம் ஆறு நாள் என்ற வழக்கம் அங்கே பெரிய கம்பெனிகளிலேயே கொடிகட்டிப் பறந்து, அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது. ஆகவே எண்ணை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் கடைக்கு முதலில் வேண்டியது தொழிலாளர் துறை ஆய்வாளர், அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் ஆய்வாளர். ஆனால் இருக்கிற சட்டத்தை மதிக்கவில்லை என்பதற்காக நல்ல சட்டத்தைக் கேட்காமல் இருந்தால், மதிக்காதவருக்குத்தான் லாபம்.

கேள்வி: ஐஸ்லாந்தில் நேரத்தைக் குறைத்தும் உற்பத்தி குறையவில்லையாமே? (சேலம்)

ஆமாம், 2015 முதல் 2019 வரை 2,500 பேருக்கு மேல் சேர்த்துச் சோதித்தார்கள், சம்பளம் குறையாமல் 40ஐ 35, 36 ஆக்கினார்கள், பெரும்பாலான இடங்களில் வேலை கெடவில்லை. பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் செய்து பார்த்து 56 தொடர்ந்தன. நல்ல செய்திதான், ஆனால் பிரிட்டனில் தாங்களாக முன்வந்த நிறுவனங்கள், நிறைய ஆபீஸ் வேலை. ஆபீஸில் குறைக்க மீட்டிங் இருக்கிறது. ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மீட்டிங்?

கேள்வி: வங்கி ஊழியர்கள் எல்லாச் சனிக்கிழமையும் லீவு கேட்பது பேராசை இல்லையா? (மதுரை)

2015 முதல் இரண்டாம், நாலாம் சனி லீவு. மீதிச் சனிக்கிழமைகளுக்கும் 2024 மார்ச்சில் வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஒத்துக்கொண்டு அரசின் ஒப்புதலுக்கு விட்டார்கள். அதற்குப் பதிலாகத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக உட்காருகிறோம் என்கிறார்கள். பேராசைக்காரர்கள் இப்படியா பேரம் பேசுவார்கள்?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஓவர்டைமுக்குச் சிங்கிள் ரேட்தான் போடுகிறார்கள். கேட்டால் “நாளைக்கு வர வேண்டாம்” என்கிறார் காண்ட்ராக்டர். என்ன செய்யலாம்?

முதலில் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். இப்போதே செய்யக்கூடியது கணக்கு. உங்கள் மாதச் சம்பளம் 15,600 என்று வைத்துக்கொள்வோம், 26ஆல் வகுத்தால் நாளுக்கு 600, எட்டால் வகுத்தால் மணிக்கு 75, ஓவர்டைமுக்கு 150. மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் அதில் மட்டும் 3,000 ரூபாய் உங்களுக்கு வராமல் நிற்கிறது. தினமும் பஞ்ச் அடிக்கும் நேரத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள், சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சீட்டே தரவில்லை என்றால் வங்கியில் பணம் ஏறிய குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பில் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டு மூன்று வருடத்துக்குள் மனுப் போடலாம், ஆக வேலையில் இருக்கும்போதே சண்டைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் அவரை வைத்து வேலை வாங்கும் கம்பெனிதான் சம்பளத்துக்குப் பொறுப்பு. அதனால் மனுவில் இரண்டு பேரையும் சேருங்கள், உங்கள் லைனில் இதே மாதிரி சிங்கிள் ரேட் வாங்கும் இன்னும் பத்துப் பேர் கையெழுத்தையும் சேருங்கள்.